கண்டாளா ஏற்றத்துக்கு இரண்டு பேர்

புனேயில் மாடல் ரயில் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி தூசிதான். எலியும் கரையானும் அப்புறம். மழைக்கு முந்தைய மாதங்களில் எங்கள் வீடு இருக்கும் வானவடிப் பக்கம் ஒரு காய்ந்த காற்று அடிக்கும். எதிரே ராணுவ நிலம், வெறும் மண். அந்த மண் மாவாகப் பறந்து வந்து தண்டவாளத்தில் படிந்துவிட்டால் சக்கரத்துக்கு மின்சாரம் ஏறாது. என்ஜின் விக்கி விக்கி நிற்கும். அதனால்தான் அந்த அறையின் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். நீங்கள் முதலில் கேட்டது ஜன்னலைப் பற்றி. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தமிழில் சொல்லலாம், இந்த அம்மா மராத்தியில் எடுத்துச் சொல்வார் என்றீர்கள். நல்லது. பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான் என்றாலும் என் மராத்தி காய்கறிக்கடைக்கும் ஆபீசுக்கும் மட்டும்தான் போதும். இந்த விஷயத்தை அதில் சொல்ல வராது.

ஜன்னல் அடைத்தது பல வருஷங்களுக்கு முன்னால். என் தங்கைக்கும் அதில் சம்மதம். அந்தப் பலகையில் வானம் வரைந்தது அவள்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேலே மழை திரளும்போது வரும் ஒரு சாம்பல் நீலம் இருக்கிறதே, அதற்காகப் பல தடவை வண்ணம் கலந்து பார்த்தாள். அவள் பெயர் ஆனந்தவல்லி. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் வல்லி. என்னைவிட ஏழு வயது இளையவள். என் பெயர்தான் உங்களிடம் இருக்கிறது, அச்சுதன். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அப்பாவும் அதே அலுவலகம்தான். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்குச் சில இடங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் நான் நன்றாக விசாரித்தேன். எதுவும் சரிப்படவில்லை.

நீங்கள் அந்த அறையைப் பார்த்தபோது எல்லாம் உடைந்து கிடந்தது. நன்றாக இருந்தபோது எப்படியிருந்தது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். குளியலறைப் பக்கத்துச் சுவரை விட்டுவிட்டு மற்ற மூன்று சுவர்களிலும் இடுப்பு உயரத்துக்கு மேஜை. அதன்மேல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்ஜத் ஸ்டேஷனிலிருந்து கண்டாளாவுக்கு ஏறும் மலைப்பாதை. தெர்மாகோலை அடுக்கிச் செதுக்கி பிளாஸ்டர் பூசிய மலை. சுரங்கங்கள், ஓர் ஆழமான பள்ளத்தாக்கின் மேல் வளைந்து போகும் பாலம். குடித்து மிஞ்சிய தேயிலையை வெயிலில் காயவைத்து மண்ணாகத் தூவினோம். மரங்களை வல்லி செய்தாள். ஜனங்களையும் அவள்தான் செய்தாள். கம்பியும் மாவுப் பசையும் வைத்து விரல்நகம் அளவில் மனிதர்கள். வடாபாவ் விற்கிறவன், சீருடைப் பையன்கள், ஒன்பது கஜம் கட்டிய மராத்திக் கிழவிகள். ஒருவர் முகம்போல் இன்னொருவர் முகம் இருக்காது.

நிஜ கண்டாளா ஏற்றத்தில் வண்டியை முன்னால் ஓர் என்ஜின் இழுக்கும். பின்னால் நின்று வேறு என்ஜின்கள் தள்ளும். நாங்களும் அப்படியே ஓட்டினோம். முன் என்ஜின் என் கையில். பின்னால் தள்ளும் என்ஜின் வல்லி கையில். ஆளுக்கொரு கண்ட்ரோலர், கையடக்கமாக, ஹாரன் பட்டன் உட்பட. முன்னால் இழுக்கிற வேகமும் பின்னால் தள்ளுகிற வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னவர் அவசரப்பட்டால் நடுவில் பெட்டிகள் மடங்கிப் பாலத்திலிருந்து கீழே விழும். சோம்பினால் முன் என்ஜின் திணறும். வல்லி ஒருநாளும் ஒரு பெட்டியைக்கூட விழவிட்டதில்லை. நான் முகத்தைத் திருப்பாமலே அவள் எவ்வளவு தள்ளுகிறாள் என்று தெரியும். ஒரு வீட்டில் இரண்டு பேர் அப்படி இருப்பது எல்லோருக்கும் வாய்க்காது.

இதெல்லாம் எதற்கு என்று இந்த அம்மா உங்களைப் பார்க்கிறார். கொஞ்சம் பொறுங்கள். இதுதான் காரணம்.

வல்லிக்கு முட்டி தேய்ந்துபோனது. இந்தியக் கழிப்பறையில் உட்கார முடியவில்லை. வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை இருந்தது ரயில் அறையோடு சேர்ந்த குளியலறையில் மட்டும்தான். அதனால் அவள் கட்டிலை அந்த அறையின் நடுவில் போட்டேன். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. படுத்துக்கொண்டே தன் மலையைப் பார்க்கலாம் என்று சந்தோஷமாகத்தான் வந்தாள்.

அறையை நான் பூட்டி வைத்தேன் என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருப்பதாக இந்த அம்மா சொல்கிறார். அதைத் திருத்த வேண்டும். பூட்டுவதற்கு அந்த அறைக்குக் கதவே கிடையாது. மேஜை போட்டபோதே கதவைக் கழற்றிவிட்டேன். வாசலின் குறுக்கே தண்டவாளம் போக வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு பலகைப் பாலம் செய்தேன். ஒரு முனையில் கீல், மறு முனையில் இரும்புத் தாழ்ப்பாள். தாழ்ப்பாளை இழுத்தால் பாலம் கீழே தொங்கும். ஆள் போகலாம், வரலாம். தூக்கிப் போட்டால் வண்டி ஓடலாம். தாழ்ப்பாள் கூடத்துப் பக்கம் இருந்தது. மேஜைகளுக்கு அடியில் முழுக்க அலமாரி. ஆகவே குனிந்து நுழைய முடியாதவருக்கு அறைக்குள் போக வர வேறு வழி கிடையாது. இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. மாடல் ரயில் வைத்திருக்கிற எவனைக் கேட்டாலும் அமைப்பு இப்படித்தான் வரும் என்பான்.

சிரிலை அழைத்து வந்தவள் வல்லி. அவளோடு வேலை பார்த்த பூகோள ஆசிரியர். மனைவியை இழந்தவர். இதே புனேயில் கட்கியில் பழைய குடும்பம். தாத்தா காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். அவர் கிறிஸ்தவர் என்பதால் எனக்கு ஆகவில்லை என்று அவர் உங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறு. எனக்கு அதில் ஒன்றுமில்லை. அவருக்குத் தனித் தம்ளர் வைத்தது சுத்தத்துக்காக.

முதல் நாள் வந்தபோது வல்லி தன் கண்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. அவர் பட்டனை அழுத்திய வேகத்தில் பெட்டிகள் மடங்கி மூன்று பள்ளத்தாக்கில் விழுந்தன.

"ஐயையோ, ஒரு ரயில் விபத்தே பண்ணிட்டேனே டீச்சர்," என்றார் சிரில். "பூகோளம் படிச்சவனுக்கு மலை ஏறத் தெரியல பாத்தியளா."

வல்லி சிரித்தாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்டதில்லை. விழுந்த பெட்டிகளை நான்தான் எடுத்து வைத்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை காபிக்குப் பிறகு சொன்னாள்.

"அண்ணா, செத்த உக்காரு. நானும் சிரிலும் ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான். இன்னும் தள்ளிப் போட்டா எந்த வயசுல பண்ணிக்கறது? முதல்ல முட்டி ஆபரேஷன் ஆகட்டும். நடக்க ஆரம்பிச்சதும் கட்கிக்குப் போயிடறேன். பக்கத்துலதானே, நீ தினம் வரலாம்."

நான் கோபப்படவில்லை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ரயில் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

"ரயில் உன்னோடது. மலை, மரம், வானம் எல்லாம் இருக்கட்டும். என் ஜனங்களை மட்டும் எடுத்துண்டு போறேன். அவரோட வீட்டுல ஒரு கண்ணாடி அலமாரி இருக்கு, அதுல வெச்சுப்பேன்."

அன்று மத்தியானம் அவள் தூங்கும்போது நான் தனியாக வண்டியை ஏற்றிப் பார்த்தேன். ஒரு கையில் முன் என்ஜின், மறு கையில் பின் என்ஜின். முதல் சுரங்கத்தைத் தாண்டவில்லை. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் பெட்டிகள் மடங்கின. ஜனங்கள் இல்லாத கர்ஜத் ஸ்டேஷனை நினைத்துப் பார்த்தேன். காலி பிளாட்பாரத்தில் நின்று கிளம்புகிற வண்டி. அதற்கு நான் மட்டும் விளக்குப் போட்டு, நான் மட்டும் ஹாரன் அடித்து, பிறகு நான் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து மோர்சாதம் சாப்பிட்டு. எனக்கு மூச்சு வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் விழிக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து போய்விட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போதெல்லாம் இரண்டு என்ஜின்களையும் ஒரே கண்ட்ரோலரில் சேர்த்துவிடலாம். ஒருவரே ஓட்டலாம். சிறு பிள்ளைகள்கூடச் செய்கிறார்கள். எனக்கும் தெரியும். நான் அதைச் செய்யவில்லை.

அதற்குப் பிறகு நான் பாலத்தை அடிக்கடி இறக்கவில்லை. கீல் தளர்ந்துவிடும் என்று வல்லியிடம் சொன்னேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பிறகு காலையில் மட்டும். அவளுக்குக் குளியலறை உள்ளேயே இருக்கிறது, சாப்பாட்டை நான் பாலத்துக்கு மேலாகக் கொடுத்துவிடுவேன். அவள் எதற்காக வெளியே வர வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால் உண்மையில் ஒரு காரணமும் இல்லை.

அவள் மொபைல் போன் என் கண்ட்ரோலர் சிக்னலைக் குழப்புகிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். குழப்பாது. ஆபரேஷனுக்குக் குறித்திருந்த தேதியை டாக்டர் வீட்டுக்குப் போன் செய்து வேண்டாமென்று சொன்னேன். அவளுக்குக் காய்ச்சல் என்றேன். அந்த வாரம் ஊரில் நிறைய பேருக்குக் காய்ச்சல் இருந்தது.

அவள் புரிந்துகொள்ளச் சில நாட்கள் ஆயின. படித்தவள்தான், ஆனால் என்னைச் சந்தேகப்பட அவளுக்குப் பழக்கமில்லை. புரிந்ததும் முதலில் சத்தம் போட்டாள். பிறகு சாப்பிட மாட்டேன் என்றாள். பிறகு ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, நான் போகலை. சிரில்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன். பாலத்தை இறக்கு. கொஞ்சம் கூடத்துல உக்காந்துக்கறேன்."

"இப்ப வண்டி ஏறிண்டிருக்கு, வல்லி. மேல போகட்டும்."

"வண்டி மேல போனா இறக்குவியா?"

"பாப்போம்."

ஒரு நாள் அவள் தரையில் மல்லாந்து, பாலத்துக்கு அடியில் முதுகால் நகர்ந்து வெளியே வரப் பார்த்தாள். முட்டியை மடக்க முடியாமல் பாதியில் சிக்கிக்கொண்டு அழுதாள். நான்தான் அக்குளுக்கடியில் கை கொடுத்து இழுத்து மறுபடி கட்டிலில் படுக்க வைத்தேன். முட்டிக்கு மருந்து தேய்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மாவின் பழைய இரும்புப் பெட்டியைக் கூடத்துப் பக்கத்தில் பாலத்துக்கு அடியில் ஒட்டி வைத்தேன். அவள் மறுபடி முயன்று காயப்படக் கூடாது என்பதற்காக.

நீலாபாய் எங்கள் வீட்டில் வெகுகாலமாகப் பாத்திரம் தேய்த்து, பெருக்கிக்கொண்டிருந்தவள். வல்லிக்கு ஞாபகம் தடுமாறுகிறது, வெளியே விட்டால் எங்காவது போய்விடுவாள் என்று அவளிடம் சொன்னேன். "தாயி டீக் ஆஹேத், காகா," என்றாள். அக்கா நன்றாகத்தான் இருக்கிறார் என்று. மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பாத்திரங்களை நானே தேய்த்தேன். என் கையால் சமைத்தேன். ஒரு வேளைகூட அவளைப் பட்டினி போடவில்லை. அவள் மெலிந்தது சாப்பிடாததால்.

சிரில் போன் செய்தார். வல்லியின் போனிலிருந்து நான் பதில் அனுப்பினேன்: கோயம்புத்தூரில் சித்தி பெண் அம்மு வீட்டில் இருக்கிறேன், ஆபரேஷன் அங்கேதான், பேச முடியவில்லை, காத்திருங்கள் என்று. காத்திருங்கள் என்ற வார்த்தையை ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வேண்டாமென்று ஒரேயடியாக எழுதியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். ஒரு மனிதரை அப்படி வெட்டிவிட மனம் வரவில்லை.

அவர் நேரில் வந்தார். வாசலிலேயே நிறுத்திப் பேசினேன்.

"டீச்சர் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போவாவளா, அண்ணாச்சி?"

"அவசரமாப் போக வேண்டியதாப் போச்சு."

"கோயம்புத்தூர்ல எந்த ஆஸ்பத்திரி? நான் போயி பாத்துட்டு வாரேன்."

"அவளுக்கு இஷ்டமில்லை, சிரில். ரெண்டு மாசம் பொறுங்கோ."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை.

மழை வந்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்த மழைக்காலம்தான் எங்களுக்கு நல்ல காலம். வல்லி சண்டையை விட்டுவிட்டாள். ஜன்னல் பலகையை ஒரு தடவை பிய்த்து எடுத்தாள், வானத்தில் ஒரு மூலை பெயர்ந்தது. வெளியே கம்பியும் மரமும்தான். நான் அதைத் திரும்பப் பதித்ததும் அவளே வண்ணம் கேட்டு வாங்கித் தொட்டு மூடினாள். பிறகு ஒரு நாள், "கண்ட்ரோலரைக் குடு, தள்றேன்," என்றாள். எனக்கு எப்படியிருந்திருக்கும். கொடுத்தேன். நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு முன் என்ஜினை எடுத்தேன். வண்டி கர்ஜத்திலிருந்து ஒரு குலுக்கல் இல்லாமல் கிளம்பி, சுரங்கம் சுரங்கமாக ஏறி, கண்டாளாவில் போய் நின்றது. என் தோள் அகன்று மூச்சு வந்தது. அதிலிருந்து தினமும் ஓட்டினோம். கண்ட்ரோலரை அவளிடமே விட்டுவைத்தேன். அவள் பழையபடி ஆகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இப்போதும் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு நேர்த்தியாக ஒருவர் வேண்டாவெறுப்பாகத் தள்ள முடியாது.

சில சமயம், யாராவது எங்கள் வீட்டு மணியை அடித்தால் அவள் கூப்பிடுவாள். அப்போது நான் முன் என்ஜினின் ஹாரனை அடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறப்பேன். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் எங்கள் ரயில் சத்தம் பழக்கம். கணபதி விழாவுக்கு முந்தைய வாரங்களில் அதற்கும் தேவையில்லாமல் போயிற்று. தெருமுனை மைதானத்தில் சாயங்காலமானால் டோல் தாஷா பயிற்சி. அந்த முரசுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

கடைசி நாள் சிரில் வந்தது அந்த நேரத்தில்தான். கதவைத் திறந்தேன். சட்டை நனைந்திருந்தது.

"அண்ணாச்சி, நான் கோயம்புத்தூர் போயிட்டு இப்பதான் வாரேன்," என்றார். முரசுச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது. "உங்க அம்மு வீட்ட கண்டுபிடிச்சிட்டேன். டீச்சர் அங்க வரவே இல்லியாம்."

"வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருக்கு."

"எங்க? சொல்லுங்க. எங்க?"

அந்த நேரம் பார்த்துப் பயிற்சிப் பிள்ளைகள் டீ குடிக்க நிறுத்தினார்கள். தெருவே காதடைத்ததுபோல் ஆயிற்று. உள்ளேயிருந்து ஹாரன் கேட்டது. பின் என்ஜினின் ஹாரன். நீளமாக, விடாமல்.

சிரில் என் கைகளைப் பார்த்தார். இரண்டும் காலியாக இருந்தன.

"அண்ணாச்சி," என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. "நீங்க இங்கன நிக்கிய. உள்ள வண்டிய யாரு ஓட்டுதா?"

"அது தானா ஓடும். செட் பண்ணியிருக்கேன்."

"டீச்சர்," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"சிரில், இங்க இருக்கேன். இங்கதான் இருக்கேன்," என்று வல்லியின் குரல் வந்தது.

நான் அவரை வெளியே தள்ளினேன். அது ஒன்றுதான் அன்று நான் வேகமாகச் செய்த காரியம். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அவர் இடித்தார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கொண்டே படியில் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் உள்ளே திரும்பினேன்.

வல்லி அறைக்குள் இருந்த நாற்காலியை மேஜையோடு சேர்த்துப் போட்டு அதில் ஏறி மலைமேல் வந்துவிட்டாள். முட்டி போட முடியாதவள், வயிற்றால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தாள். அவள் கைக்கடியில் சுரங்கம் உடைந்தது. வளைந்த பாலம் நொறுங்கியது. அவள் செய்த மரங்கள் அவள் புடவையில் ஒட்டிக்கொண்டு வந்தன. ஜனங்கள் தரையில் உதிர்ந்தார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. முழங்கையில் ரத்தம். பிளாஸ்டர் தூள் முகமெல்லாம். வாசல் குறுக்கே இருந்த பலகைப் பாலத்தின் மேல் வந்து, முன்னால் கைகளை நீட்டி, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, என்னை வெளியில விடு. செத்துப் போயிடுவேன் அண்ணா. விட்டுடு."

கெஞ்சுகிற குரல் இல்லை. அவ்வளவு ஊர்ந்து வந்த பிறகு கெஞ்சுவதற்கு அவளிடம் மூச்சில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். பிடித்து இழுத்திருந்தால் கூடத்துக்கு வந்திருப்பாள். உடைந்து கிடந்ததை எல்லாம் பார்த்தேன். அதைத் திரும்பக் கட்ட அவள் இருக்க மாட்டாள் என்பது தெரிந்தது. அவர்கள் படியேறி வருகிற சத்தமும் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நான் அந்த வீட்டில் இருப்பேன்.

பாலத்தின் தாழ்ப்பாளை இழுத்தேன்.

கை பட்டு நழுவியது என்று வக்கீல் சொல்லச் சொன்னார். நழுவவில்லை. அந்தத் தாழ்ப்பாள் இறுக்கமானது, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து இழுத்தால்தான் வரும். இழுத்தேன். பலகை கீழே சரிந்தது. இரும்புப் பெட்டியின் முனையில் அவள் தலை பட்டது.

உடனே இறந்துவிட்டாளா என்று கேட்கிறீர்கள். இல்லை. தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. சிரில் என்றாள். என் பேர் இல்லை, டாக்டர் என்றும் இல்லை. டாக்டர் என்று சொல்லியிருந்தால் போன் செய்திருப்பேன். போன் சட்டைப் பையில்தான் இருந்தது, அவளுடையதும் என்னுடையதும்.

அவர்கள் கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டியான தேக்குக் கதவு, அப்பா போட்டது. சிரில் என்னைக் கூப்பிட்டு, அவளைக் கூப்பிட்டு ஏதேதோ கத்தினார். நான் எழுந்து போய்த் தாழை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் எழுந்தால் அவள் தலையைத் தரையில் வைக்க வேண்டும். அவள் கையை நான் விட வேண்டும். தெருவில் முரசு மறுபடி ஆரம்பித்தது. அவள் விரல்கள் என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தன. அவை தளரும்வரை நான் அசையவில்லை. பிறகுதான் கதவு உடைந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளை அடைத்து வைத்தது நான், தாழ்ப்பாளை இழுத்தது நான், கதவைத் திறக்காதது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் இந்த அம்மா சரியாக மொழிபெயர்த்து சிரிலிடம் சொல்லச் சொல்லுங்கள். கடைசி மூச்சில் வல்லி பிடித்துக்கொண்டிருந்தது என் கையைத்தான். அவர் வெளியே நின்றிருந்தார். அவள் யாரிடம் இருக்க ஆசைப்பட்டாள் என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?